கான்ஃப்ளிக்ட் காட்டாத மெர்ஜ்

ஒரே நிரலில் தனித்தனியே செய்த மாற்றங்களை ஒன்றாகச் சேர்ப்பது மெர்ஜ். அவை மோதுகின்றன என்று கருவி நின்றுவிட்டால் அது கான்ஃப்ளிக்ட். மெர்ஜ் செய்யும்போது கான்ஃப்ளிக்ட் வந்தால் சலித்துக்கொள்ளாத டெவலப்பரை நான் பார்த்ததில்லை. மெர்ஜ் சத்தமில்லாமல் முடிந்த பிறகு அதை ஒருமுறை திரும்பிப் பார்க்கும் டெவலப்பரையும் அதிகம் பார்த்ததில்லை. கான்ஃப்ளிக்ட் என்றால் தொல்லை, வரவில்லை என்றால் எல்லாம் சரி என்ற கணக்கு எப்படியோ நம் தலையில் ஏறிவிட்டது. நான் வேலை பார்த்த இடங்களில் மெர்ஜால் வந்த கோளாறுகளை யோசித்துப் பார்த்தால், ஆளை உலுக்கி எடுத்தவை பெரும்பாலும் கான்ஃப்ளிக்டே காட்டாமல் உள்ளே போனவைதான். கான்ஃப்ளிக்ட் வந்தவற்றில் குறைந்தபட்சம் ஒரு மனிதர் கண்ணை ஓட்டியிருப்பார்.

இது ஏன் இப்படி என்று புரிய, மெர்ஜ் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அது வியப்பூட்டும் அளவுக்கு எளிமையான வேலை. கருவியின் கையில் மூன்று பிரதிகள் இருக்கும்: இரண்டு பிராஞ்சுகளும் (நிரலின் தனித்தனிக் கிளைகள்) பிரிந்த இடத்தில் இருந்த பழைய பிரதி, என்னுடையது, உங்களுடையது. ஒரு பகுதி பழையதிலும் என்னுடையதிலும் அப்படியே இருந்து, உங்களுடையதில் மட்டும் மாறியிருந்தால் உங்களுடையதை எடுத்துக்கொள்ளும். நான் மட்டும் மாற்றியிருந்தால் என்னுடையது. இருவரும் ஒரே மாதிரி மாற்றியிருந்தால் அதை ஒருமுறை எடுத்துக்கொள்ளும். இருவரும் வேறு வேறாக மாற்றியிருந்தால்தான் கையை விரித்துவிட்டு, அம்புக்குறிகளையும் சமக்குறிகளையும் ஏழேழாகப் போட்டு நம்மிடம் தள்ளிவிடும். அவ்வளவுதான் விதி. அந்த வரிகள் சி மொழியா, பைத்தானா, வெறும் உரைநடையா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்து சேர்க்கும் கருவியான கிட் தன் கையேட்டின் தலைப்பிலேயே தன்னை ஒரு மக்கு உள்ளடக்கக் கண்காணிப்பான் என்றுதான் அறிமுகப்படுத்திக்கொள்கிறது. அதில் கேலி பாதி, உண்மை பாதி.

இந்த எளிமைக்கு வயதும் அதிகம். ஜேம்ஸ் ஹன்ட்டும் டக்ளஸ் மெக்இல்ராயும் பெல் ஆய்வகத்தில், இரண்டு பிரதிகளின் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் டிஃப் அல்காரிதத்தை எழுதிவைத்தது 1976இல். கிட் இன்றும் முன்னிருப்பாகப் பயன்படுத்தும் டிஃப் முறை யூஜின் மையர்ஸ் 1986இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்தது. ஆனால் அந்தக் காலத்தில் மெர்ஜ் செய்வது தினசரி வேலையாக இருக்கவில்லை. 1972இல் வந்த எஸ்சிசிஎஸ், 1982இல் வந்த ஆர்சிஎஸ் என்ற பழைய கருவிகள் இரண்டிலுமே பழக்கம் பூட்டுப் போடுவதுதான். ஒருவர் கோப்பைத் திறந்து வைத்திருந்தால் மற்றவர் காத்திருக்க வேண்டும். டிக் க்ரூன் என்ற பல்கலைக்கழக விரிவுரையாளர் தன் இரண்டு மாணவர்களுடன் ஒரு சி கம்பைலரில் வேலை செய்தார். ஒருவர் காலை ஒன்பது முதல் மாலை ஐந்துவரை உட்காருபவர், இன்னொருவர் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது, விரிவுரையாளருக்கோ மாலை நேரம் மட்டுமே. பூட்டுப் போட்டால் வேலை நகராது. அதற்காக அவர் எழுதிய ஷெல் ஸ்கிரிப்டுகள்தான் 1986இல் வெளியே வந்து சிவிஎஸ் என்ற கருவி ஆயின. பூட்டை விட்டுவிட்டு, அவரவர் பாட்டுக்கு எழுதுங்கள், பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்ற பழக்கம் பரவியது அதன் வழியாகத்தான்.

அந்த சிவிஎஸ் கையேட்டில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு பகுதி உண்டு. இந்தக் கருவி டெவலப்பர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு மாற்று கிடையாது என்று வெளிப்படையாகச் சொல்லும் பகுதி. கான்ஃப்ளிக்ட் என்று நாங்கள் சொல்வது எழுத்தளவில், இரண்டு மாற்றங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து கருவியை மிரளவைப்பதை மட்டும்தான். நிரலின் தர்க்கத்தில் வரும் மோதலுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிறது. உதாரணமும் கொடுக்கிறது: நீங்கள் ஒரு கோப்பில் ஒரு ஃபங்ஷனின் ஆர்க்யுமென்டுகளை மாற்றுகிறீர்கள், அதே நேரத்தில் வேறொருவர் வேறொரு கோப்பில் அதே ஃபங்ஷனைப் பழைய ஆர்க்யுமென்டுகளோடு புதிதாக அழைக்கிறார். இது சிவிஎஸ்ஸின் திறமைக்கு அப்பாற்பட்டது. கருவியைச் செய்தவர்கள் ஆரம்பத்திலேயே எல்லையை வரைந்து காட்டிவிட்டார்கள். நாம்தான் அதைப் படிக்கவில்லை.

கையேட்டில் உள்ள அந்த உதாரணம் உண்மையில் சாதுவான வகை. கம்பைல் ஆகும் மொழியாக இருந்தால் கம்பைலர் கத்திவிடும், சரிசெய்துவிட்டுப் போகலாம். கம்பைலரும் கத்தாத வகைதான் ஆபத்து. ஒருவர் காத்திருப்பு நேரத்தை நொடியில் வாங்கிக்கொண்டிருந்த ஃபங்ஷனை மில்லிநொடிக்கு மாற்றுகிறார். பொறுப்பானவர், அதை அழைக்கும் எல்லா இடங்களையும் தேடிப் பிடித்து ஆயிரத்தால் பெருக்கிவிடுகிறார். அதே வாரம் இன்னொரு பிராஞ்சில் ஒருவர் புதிதாக ஒரு இடத்தில் அதே ஃபங்ஷனை 30 என்று கொடுத்து அழைக்கிறார். 30 நொடி என்ற நினைப்பில். இரண்டு பிராஞ்சும் தனித்தனியே சரி. மெர்ஜ் சுத்தம். கம்பைல் சுத்தம். ஓடும்போது 30 மில்லிநொடியில் இணைப்பு அறுந்து போகும், அதுவும் சர்வர் மெதுவாக இருக்கும் நேரத்தில் மட்டும்.

இன்னொரு வகையை நான் நேரிலேயே பார்த்தேன், ஒரு குழுவில் இருந்தபோது. பயனர் எழுதும் பெயரில் மேற்கோள்குறி வந்தால் பக்கம் உடைகிறது என்று ஒரு புகார். அது இரண்டு பேரிடம் இரண்டு விதமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. ஒருவர் பெயரைத் திருப்பித் தரும் ஃபங்ஷனுக்குள்ளேயே சிறப்புக் குறிகளை எஸ்கேப் செய்தார், அதாவது வெறும் எழுத்தாகத் தெரியும்படி மாற்றி எழுதினார். இன்னொருவர் அந்தப் பெயரைத் திரையில் காட்டும் டெம்ப்ளேட்டில் எஸ்கேப் செய்தார். வேறு வேறு கோப்புகள், எனவே மெர்ஜுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. இரண்டு பேரும் டெஸ்ட் எழுதியிருந்தார்கள். டெம்ப்ளேட்டுக்கு எழுதிய டெஸ்டில் அந்த ஃபங்ஷனுக்குப் பதிலாகப் போலி ஒன்று வைக்கப்பட்டிருந்ததால் அதுவும் பச்சை, அதாவது தேறிவிட்டது. விளைவு, பக்கம் உடையவில்லை. ஆனால் பெயர்களில் மேற்கோள்குறி இருந்த இடத்திலெல்லாம் இரண்டு முறை எஸ்கேப் ஆன குப்பை தெரிந்தது. யார் செய்தது தவறு என்று கேட்டால் பதில் கிடையாது. ஒவ்வொன்றும் தனியாகச் சரியான திருத்தம். இரண்டும் ஒன்றாக இருப்பதுதான் தவறு. அந்த ஒன்றாக இருக்கும் நிலையை எழுதியது யாரும் இல்லை, கருவிதான்.

இங்கேதான் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மெர்ஜ் முடிந்தபின் நம் கையில் இருக்கும் நிரல் எந்த மனிதரும் எழுதாத, எவரும் ரிவ்யூ செய்யாத ஒரு நிரல். ரிவ்யூ செய்தவர்கள் இரண்டு துண்டுகளைப் பார்த்தார்கள், சேர்ந்த முழுமையைப் பார்க்கவில்லை. பார்க்க நினைத்தாலும் கருவி உதவுவதில்லை. மெர்ஜ் கமிட்டை, அதாவது மெர்ஜின் முடிவாகப் பதிவானதை, காட்டச் சொன்னால் கிட் காட்டும் டிஃப், இரண்டு பெற்றோர்களிடமிருந்தும் வேறுபடும் பகுதிகளை மட்டுமே காட்டும். கான்ஃப்ளிக்ட் இல்லாமல் சேர்ந்த மெர்ஜில் பெரும்பாலும் அப்படி எதுவும் இருக்காது என்பதால் திரையில் ஒன்றும் வராது. 2022இல் கிட் 2.36 பதிப்பில் ரிமெர்ஜ் டிஃப் என்று ஒரு வசதி வந்தது. மெர்ஜைத் தானே மறுபடி செய்து பார்த்து, அதற்கும் பதிவான முடிவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும். கான்ஃப்ளிக்டை ஒருவர் எப்படித் தீர்த்தார், நடுவில் சொந்தச் சரக்கு எதையாவது நுழைத்தாரா என்று பார்க்க அருமையான வசதி. ஆனால் சுத்தமான மெர்ஜுக்கு அதுவும் வெறுமையைத்தான் காட்டும்.

அர்த்தம் தெரியாது என்பது ஒரு எல்லை. வரலாறு தெரியாது என்பது இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. கிட்டிடம் முழு வரலாறும் இருக்கிறதே என்று தோன்றும். இருக்கிறது, ஆனால் மூன்று பிரதிகளை ஒப்பிடும் இந்த மூன்று முனை மெர்ஜ் அதைப் பொது மூதாதையை, அதாவது பிரிந்த இடத்துப் பழைய பிரதியை, கண்டுபிடிக்க மட்டுமே பயன்படுத்துகிறது. மூதாதைக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன நடந்தது என்று அது பார்ப்பதில்லை. இதன் விளைவு விசித்திரமானது. ஒரு திருத்தத்தை ரிலீஸ் பிராஞ்சிலும் முக்கியப் பிராஞ்சான மெயினிலும் செர்ரிபிக் செய்து, அதாவது அந்த ஒரு மாற்றத்தை மட்டும் நகலெடுத்து, போடுகிறோம். மெயினில் அது வேகத்தைக் கெடுக்கிறது என்று தெரிந்து ரிவர்ட் செய்கிறோம், அதாவது திரும்ப எடுத்துவிடுகிறோம். சில நாள் கழித்து ரிலீஸ் பிராஞ்சை மெயினுக்குள் மெர்ஜ் செய்கிறோம். கருவி பார்ப்பது இதைத்தான்: மூதாதையில் திருத்தம் இல்லை, மெயினில் திருத்தம் இல்லை, ரிலீஸில் இருக்கிறது. அப்படியானால் மெயின் தொடவே இல்லை, ரிலீஸ் மாற்றியிருக்கிறது, எடுத்துக்கொள். யோசித்து, பேசி, காரணம் எழுதி நீக்கிய திருத்தம் ஒரு வார்த்தை இல்லாமல் திரும்பி வந்துவிடும். விதிப்படி முற்றிலும் சரி. போட்டு எடுத்ததற்கும், தொடவே இல்லாததற்கும் அந்த விதியில் வித்தியாசம் இல்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒரு பிராஞ்சை மெர்ஜ் செய்து, கோளாறு தெரிந்து அந்த மெர்ஜையே ரிவர்ட் செய்துவிட்டு, பிராஞ்சில் சரிசெய்து மீண்டும் மெர்ஜ் செய்தால், பழைய கமிட்டுகள் எதுவும் வராது, புதிதாகப் போட்ட திருத்தம் மட்டும் வரும். ஏனென்றால் பழையவை ஏற்கெனவே வரலாற்றில் சேர்ந்துவிட்டன என்பது கிட்டின் கணக்கு. முதலில் ரிவர்ட்டை ரிவர்ட் செய்ய வேண்டும். இதற்கென்றே லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய விளக்கம் கிட் ஆவணங்களோடு சேர்ந்தே வருகிறது. அதைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் பாதி நிரல் காணாமல் போன பிறகுதான் போகிறார்கள்.

அப்புறம் டிஃப்பின் ஊகங்கள். எந்த வரி எந்த வரியோடு பொருந்துகிறது என்பது டிஃப்புக்குத் தெரிந்த உண்மை அல்ல, அது போடும் கணிப்பு. ஒருவர் ஒரு ஃபங்ஷனை நகலெடுத்து அதற்கு மேலேயே ஒட்டிக் கொஞ்சம் மாற்றியிருக்கிறார் என்று வையுங்கள். டிஃப் மேலே இருப்பதைப் பழையது என்றும், கீழே இருப்பதைப் புதியது என்றும் பொருத்திவிடலாம். அப்போது இன்னொருவர் பழைய ஃபங்ஷனில் செய்த திருத்தம் தவறான பிரதிக்குப் போய்ச் சேரும். கான்ஃப்ளிக்ட் வராது. இன்னும் வேடிக்கை, அதே மாற்றங்களை ஒவ்வொரு கமிட்டாகச் சேர்த்தால் சரியான இடத்துக்கும், ஒரேயடியாகச் சேர்த்தால் தவறான இடத்துக்கும் போகக்கூடும். டேவிட் ரவுண்டி எழுதிய டார்க்ஸ் போன்ற அமைப்புகள் பிரதிகளை விட்டுவிட்டு மாற்றங்களையே அடிப்படையாக வைத்துக்கொண்டது இந்த மாதிரிச் சிக்கல்களுக்காகத்தான். அங்கே இந்த ஒரு நோய் குணமாகிறது. நொடியும் மில்லிநொடியும் அவற்றுக்கும் தெரியாது.

கோப்பின் பெயர் மாற்றமும் ஊகம்தான். கிட் பெயர் மாற்றத்தைப் பதிவு செய்வதே இல்லை. அழிந்த கோப்பும் புதிய கோப்பும் பாதிக்கு மேல் ஒத்துப்போனால், அதாவது முன்னிருப்பாக 50 சதவீதம், பெயர் மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். 2021இல் 2.34 பதிப்பிலிருந்து எலைஜா நியூரன் எழுதிய ஆர்ட் என்ற புதிய மெர்ஜ் முறை முன்னிருப்பானது. வேகம் அபாரம், பெயர் மாற்றங்களைக் கையாள்வதும் முன்பைவிட ஒழுங்கு. அது வந்தபிறகு பெரிய ரீபேஸ்களில் (ஒரு பிராஞ்சின் கமிட்டுகளை வேறொரு இடத்தின் மேல் மறுபடி அடுக்குவது) எனக்குக் காத்திருப்பு குறைந்தது. அர்த்தம் பற்றிய கேள்விக்கு அதுவும் பக்கத்தில் போகவில்லை, போவதாகச் சொல்லவும் இல்லை.

சரி, வரிகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு நிரலின் அமைப்பைப் பார்த்து மெர்ஜ் செய்தால் என்ன? இது பழைய ஆசை. 1989இலேயே சூசன் ஹார்விட்ஸ், ஜான் பிரின்ஸ், தாமஸ் ரெப்ஸ் மூவரும் நிரலின் சார்புகளை வரைபடமாக்கி, ஒன்றையொன்று பாதிக்காத மாற்றங்களை மட்டும் சேர்க்கும் வழியைக் காட்டினார்கள், மிகச் சிறிய ஒரு மொழிக்கு. இரண்டு நிரல்கள் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றனவா என்பதைப் பொதுவாகத் தீர்மானிக்கும் அல்காரிதம் இருக்க முடியாது என்பது ரைஸ் தேற்றத்திலிருந்து, அதாவது 1953இலிருந்தே தெரிந்தது. ஆகவே எந்தக் கருவியும் ஒன்று தேவைக்கு அதிகமாகக் கத்தும், இல்லாவிட்டால் கத்த வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கும். நடைமுறையில் வந்தவை இதைவிட அடக்கமானவை. ஜாவாவுக்கு ஜேடைம், பல மொழிகளுக்கு மெர்ஜிராஃப் போன்றவை நிரலின் இலக்கண அமைப்பைக் காட்டும் தொடரியல் மரத்தை வைத்து, வெட்டியாக வரும் கான்ஃப்ளிக்டுகளைக் குறைக்கின்றன. இருவர் ஒரே இடத்தில் இரண்டு இம்போர்ட் வரிகளைச் சேர்த்ததற்கெல்லாம் ஒரு மனிதரை எழுப்ப வேண்டியதில்லை. அந்த அளவுக்கு எனக்கு உடன்பாடுதான்.

ஆனால் இந்தக் கருவிகளைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கான்ஃப்ளிக்ட் எத்தனை குறைந்தது என்பதையே வெற்றியாகச் சொல்கிறார்கள். இங்கேதான் நான் பின்வாங்குகிறேன். வரிகளை வைத்து வேலை செய்யும் பழைய மெர்ஜில் தற்செயலாக ஒரு நன்மை இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு வரிகளை இருவர் மாற்றினால் கிட் கான்ஃப்ளிக்ட் காட்டும், இரண்டும் வேறு வேறு வரிகளாக இருந்தும். இதை முட்டாள்தனம் என்று பலர் சொல்வார்கள். ஆனால் நிரலில் பக்கத்துப் பக்கத்து வரிகள் பெரும்பாலும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. ஒரு கான்ஃபிக் கோப்பில் ஒருவர் அதிகபட்ச இணைப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறார், அடுத்த வரியில் இன்னொருவர் ஒவ்வொரு இணைப்புக்குமான நினைவக அளவைக் கூட்டுகிறார். மரத்தைப் பார்க்கும் கருவிக்கு இவை இரண்டு தனித்தனிச் சாவிகள், மகிழ்ச்சியாகச் சேர்த்துவிடும். வரியைப் பார்க்கும் கருவி மிரண்டு நம்மைக் கூப்பிடும். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் சர்வரில் அவ்வளவு நினைவகமே இல்லை என்பது அப்போதுதான் கண்ணில் படும். அருகாமை என்பது தொடர்புக்கு மலிவான, ஓட்டையான அளவுகோல்தான். இருந்தாலும் அது எப்படிக் கணக்குப் போடுகிறது என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். அதனால்தான் மெர்ஜ் மக்காகவே இருக்கட்டும் என்கிறேன். புத்தி வேண்டிய இடம் அதற்கு அடுத்த படி.

அடுத்த படி என்றால் முதலில் டெஸ்ட். அதுவும் பிராஞ்சில் ஓட்டும் டெஸ்ட் போதாது, சேர்ந்த முடிவின் மேல் ஓட்ட வேண்டும். இரண்டு புல் ரிக்வெஸ்டுகள் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கைகள்) தனித்தனியே பச்சையாக இருந்து, இரண்டும் உள்ளே போனபின் மெயின் சிவப்பாவதைப் பார்க்காத குழு இருக்காது. கிரேடன் ஹோர், ரஸ்ட் மொழிக்காக எழுதிய போர்ஸ் என்ற பாட், அதாவது தானியங்கி நிரல், 2013 வாக்கிலேயே இதைச் செய்தது: மாற்றத்தை மெயினோடு சேர்த்துப் பார், அந்தச் சேர்ந்த வடிவத்தில் எல்லா டெஸ்டும் தேறினால் மட்டும் மெயினை நகர்த்து. கிட்ஹப்பில் இதே வேலையைச் செய்யும் மெர்ஜ் கியூ எல்லோருக்கும் வந்தது 2023இல். பத்து ஆண்டுகள். டெஸ்ட் ஓட ஒரு மணி நேரம் எடுக்கும் திட்டத்தில் வரிசை நீளும், ஆட்கள் முணுமுணுப்பார்கள், ஒன்று தோற்றால் பின்னால் நிற்பவை மறுபடி ஓட வேண்டும். அந்த விலை நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்த எஸ்கேப் கதையில் மெர்ஜ் கியூ இருந்திருந்தாலும் பச்சைதான் காட்டியிருக்கும். இரண்டு மாற்றங்கள் சந்திக்கும் இடத்துக்கு டெஸ்ட் எழுத யாருக்கும் தோன்றாது, அப்படி ஒரு சந்திப்பு இருப்பதே தெரியாதபோது.

கையால் செய்யக்கூடியதில் எனக்குப் பயன்பட்டது ஒன்றுதான். பிராஞ்ச் கொஞ்சம் வயதானதாக இருந்தால், மெர்ஜ் செய்யும் முன் மூன்று புள்ளி டிஃப் போட்டு, நான் பிரிந்தபிறகு மறுபக்கத்தில் என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்பேன். என் கோப்புகளில் மட்டும் பார்த்தால் போதாது, என் நிரல் எதையெல்லாம் அழைக்கிறதோ அங்கேயும். மில்லிநொடி விவகாரம் இப்படிப் பார்த்தால்தான் அகப்படும். கான்ஃப்ளிக்ட் வந்த இடத்தில் பழைய பிரதியையும் சேர்த்துக் காட்டும் டிஃப்3 பாணியை, இல்லாவிட்டால் 2022இல் வந்த ஸிடிஃப்3 பாணியை, கான்ஃபிக்கில் போட்டுவிடுவேன். மூதாதையைப் பார்க்காமல் இரண்டு பக்கத்தை மட்டும் பார்த்து எதை வைப்பது என்று முடிவு செய்வது குருட்டாம்போக்கு. கிட்டின் ரிரெரெ வசதி பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஒருமுறை தீர்த்த விதத்தை நினைவில் வைத்துக்கொண்டு மறுபடி அதையே போடும். முதல்முறை தவறாகத் தீர்த்திருந்தால் அதையும் விசுவாசமாகப் போடும்.

இப்போது மொழி மாடல்கள் கான்ஃப்ளிக்டைத் தீர்த்துத் தருகின்றன. மூதாதை, இரண்டு பக்கம், இரண்டு கமிட் செய்திகள் எல்லாவற்றையும் கொடுத்தால் நல்ல யோசனைகளே வருகின்றன. யோசனையாக வரும்வரை எனக்கு ஆட்சேபணை இல்லை. தானே தீர்த்து, தானே கமிட்டும் செய்துவிடுகிற அமைப்பை மட்டும் நான் வைத்துக்கொள்ள மாட்டேன். இதுவரை கான்ஃப்ளிக்ட் ஒன்றுதான் இந்த இடத்தில் ஒரு மனிதரைக் கட்டாயமாக நிறுத்தியது. அதையும் எடுத்துவிட்டால் எல்லா மெர்ஜும் சுத்தமான மெர்ஜாகத் தோன்றும். நம்பும்படியாக எழுதப்பட்ட தவறு, ஏழு அம்புக்குறியைப் போலக் கண்ணில் குத்தாது.

நான் எதிர்பார்க்கும் கருவியின் சாயல் எங்கே இருக்கிறது என்று கேட்டால், பைத்தானில் வலைத்தளம் எழுத உதவும் ஜாங்கோவின் மைக்ரேஷனை, அதாவது டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் கோப்புகளை, காட்டுவேன். இரண்டு பேர் தனித்தனியே டேட்டாபேஸ் மாற்றம் எழுதி, இரண்டும் ஒரே பழைய மைக்ரேஷனிலிருந்து கிளைத்திருந்தால், கிட் எதையும் கவனிக்காது. அவை இரண்டு புதிய கோப்புகள், அவ்வளவுதான். ஆனால் ஜாங்கோ தன் வரைபடத்தில் இரண்டு நுனிகள் இருப்பதைப் பார்த்து நின்றுவிடும். மெர்ஜ் செய் என்று தனியே கட்டளை கொடுத்தால், இரண்டு பக்கமும் என்னென்ன செய்கின்றன என்று அச்சிட்டு, இவை வேறு வேறு ஃபீல்டுகளையோ மாடல்களையோ தொட்டால்தான் சேர்ப்பது சரிவரும் என்று சொல்லி, சேர்க்கட்டுமா என்று கேட்கும். வெறுமனே என்டர் தட்டினால் அதற்குப் பதில் வேண்டாம் என்றே பொருள். அங்கேயும் ஓட்டை உண்டு. அந்தப் பட்டியலைப் படிக்காமல் ஆம் என்று தட்டுகிறவரை ஜாங்கோவால் ஒன்றும் செய்ய முடியாது.